கன்னத்து மச்சம்

என்னைக் ‘கண்ணாடியார்’ என்றே இத்தெருவில் அழைப்பர். வேலையைத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியை மும்முறை துடைப்பேன். தேநீரை ஆறவைத்தே குடிப்பேன். பிறர் பொருள் எதனையும் இரவல் வாங்கேன். மங்கிய காணொளிகளைத் தெளிவாக்கித் தருவது என் தொழில்.

தாங்கள் கேட்பதனால் அத்தொழிலின் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? திரையில் இருபது ஒளிப்புள்ளி அகலமே உள்ள முகத்தில், கண் என்பது ஒரு கரும்புள்ளி. எஞ்சியதை, நாம் முன்னரே காட்டிவைத்த தெளிவான புகைப்படங்களைக் கொண்டு கணினி ஊகித்து நிரப்பும். ஆகவே, அவரவர் பிள்ளையின் படங்களை அவரவரிடமே கேட்டு வாங்குவது முறை.

தையற்காரப் பெண்மணி ஒருத்தி வந்தாள். அவளிடம் ஒரு படமும் இல்லை. வீட்டோடு யாவும் எரிந்துபோயின; ஏழு வயது மகளும். அன்று தையற்கடையில் விட்டிருந்த பழைய கைப்பேசியில் பதினான்கு நொடிகள் மட்டும் எஞ்சின: ஒரு சிறுமி மாடிப்படியிறங்கிக் கையசைக்கிறாள்.

“மூஞ்சி மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணா. கண்ண மூடினா அவ மூஞ்சியே வரமாட்டேங்குது.”

‘இயலாது’ என்று கூறியிருக்கலாம். ஆனால் என்னிடம் நானூறு படங்கள் இருந்தன. அனைத்தும் இறந்துபோன என் மகளுடையவை. அவளுக்கும் ஏழு வயதுதான். சும்மா கிடப்பவை ஒருவருக்குப் பயன்படட்டுமே என எண்ணினேன்.

ஐந்தாம் நாள் அவள் திரையருகே குனிந்து பார்த்தாள்.

“கன்னத்துல மச்சமா? இவளுக்கு மச்சம் கிடையாதே.”

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவளே சொன்னாள்: “இருந்திருக்கும். பெத்தவளுக்கே மறந்துபோச்சு பாருங்க.”

அவளுக்கு ஒரு குவளை நீர் கொடுத்தேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவளுடைய வாடகை அறைக்குச் சென்றேன். இருவரும் அமர்ந்து பார்ப்போம். நடை அவள் மகளுடையது. முகம் என் மகளுடையது. ஒருநாள், “உங்களுக்குமா அண்ணா அழுகை வருது? உங்கள மாதிரி மனுசங்க எங்க இருக்காங்க” என்றாள்.

அவளுடைய தம்பிதான் இடையூறாக வந்தான்.

“அக்கா, இது நம்ம பாப்பா இல்ல. மாமாவோட சப்ப மூக்கு எங்க போச்சு? யார் புள்ளையவோ வச்சு அழுதுட்டிருக்க.”

“வருசத்துக்கு ஒருதரம் எட்டிப் பாத்த உனக்கு ஞாபகம், எனக்கு இல்லையா? எந்திரிச்சுப் போடா.”

அவனிடமும் படமில்லை. அவன் தந்த புகாரின்பேரில் தாங்கள் வந்திருக்கிறீர்கள்.

மூலப்பதிவு எங்கே என்கிறீர்கள். கைப்பேசியில் இருந்ததை முதல் வாரமே அழித்தேன். தானே பழுதாயிற்று என்று அவளிடம் கூறினேன். ஒரு நகல் மட்டும் என்னிடம் இருந்தது. நேற்று அதனை இறுதியாகப் பார்த்தேன். முகமற்ற அச்சிறுமி கையசைத்தாள். வா என்கிறாளா, போ என்கிறாளா என்று விளங்கவில்லை. மறுபடியும் ஓட்டினேன். அப்போதும் விளங்கவில்லை.

ஒரு தாய் தன் மகளை இருமுறை இழக்கலாகாது. ஆகவே அந்நகலையும் அழித்துவிட்டேன்.

தாங்கள் எழுதிக்கொண்டதில் கையொப்பமிடுகிறேன். என்னை இன்று விட்டாலும், ஆண்டு பல கழித்து விட்டாலும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்குச் செல்வேன். குழந்தை காத்திருப்பாள்.