அப்பா பேரு வேற

ஹலோ... ஹலோ, அகதிகள் அலுவலகமா? அப்பாடா, ஒருவழியா அந்தப் பாட்டை நிறுத்தினீங்களே... ஆமா ஆமா, என் பேரு லெத்தெகிதான் வொல்து. என் புருஷன் மெபிராத்துவை கெய்ரோ ஏர்போர்ட்டுல வச்சிருக்காங்க. சாயங்காலம் அஸ்மாரா விமானத்துல ஏத்தப் போறாங்களாம்... ஆமா, எரித்ரியாவுக்கேதான். பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவரு சார், இறங்கினதுமே பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. நீங்க ஒரு போன் பண்ணினா...

என்னது? அவரு என் புருஷனே இல்லையா? யாரு சொன்னது?... குடும்பப்பேரு ஒத்துப்போகலையா! எத்தனை வருஷமா சார் அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க?... பரவாயில்லையே. இத்தனை வருஷத்துல ஒரு எரித்ரியாக்காரன்கிட்டயாவது கேட்டதுண்டா? எங்களுக்கு ஏது குடும்பப்பேரு? சொந்தப் பேரு, பின்னாடி அப்பா பேரு. எங்கப்பா வொல்து, என் புருஷனோட அப்பா கிதானே. கல்யாணம் ஆனா அப்பனை மாத்திக்க முடியுமா?... சிரிக்காதீங்க.

யாரு? இன்னொரு தடவை சொல்லுங்க... தெக்கியே வொல்துவா என் புருஷன்? அடப் பாவிகளா, அவன் என் கூடப்பிறந்த அண்ணன்! அப்பா பேரு ஒண்ணுன்னதும் நீங்களே கட்டி வச்சுட்டீங்களா? அவனைத்தான் முன்னாடியே இதே மாதிரி திருப்பி அனுப்பிட்டாங்களே. ஜெயில்லயே செத்துப்போனான். உடம்பைக்கூடக் கொடுக்கல. "ஆழ்ந்த கவலை"ன்னு நீங்கதானே அறிக்கை விட்டீங்க?

இருங்க, இருங்க. அப்போ நேத்து, "திருப்பி அனுப்பாதீங்க"ன்னு அரசாங்கத்துக்குச் சொன்னீங்களே, அது யாரை?... தெக்கியேவையா?... சரி, அவங்க என்ன சொன்னாங்க?... அனுப்ப மாட்டோம்னு உடனே வாக்குக் கொடுத்துட்டாங்களா! ஏன் கொடுக்க மாட்டாங்க? செத்தவனைக் காப்பாத்திட்டீங்க சார். பெரிய சாதனை. ஜெனீவாவுல உங்க தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க, கை தட்டுவாங்க.

...உங்க வருத்தம் இருக்கட்டும். பேரை மாத்துங்க. மெபிராத்து கிதானே... ஆமா, இப்பவே... வெள்ளி, சனி லீவா? ஞாயித்துக்கிழமை நேர்ல வரணுமா? இன்னிக்கு வியாழக்கிழமை சார்! விமானத்தை ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் பிடிச்சு வச்சிருக்கவா?... சரி, உங்க மேலதிகாரி அம்மாகிட்ட போனைக் குடுங்க... மீட்டிங்கா? எதைப் பத்தி?... அகதிகள் பாதுகாப்பா! நல்லாப் பேசுங்க. நடுவுல டீ, கேக்கெல்லாம் வருமில்ல?

...ஒரு நிமிஷம். இன்னொரு லைன் வருது... தெரியாத நம்பர். அவராத்தான் இருக்கும், எந்தப் போலீஸ்காரனோ இரக்கப்பட்டு போனைக் கொடுத்திருக்கான்... என்ன, பேரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லணுமா? போய்யா. உனக்கு எழுத்துக்கூட்டிக்கிட்டிருந்தா அவரு குரலையும் கேக்காமப் போயிடுவேன். வைக்கிறேன்.