தேர் இருப்புக்கு வரும்வரை

நிலக்கல்லில் ஊறிய வெற்றிலைக் கறையை எடுக்கக் கடையில் விற்கும் அமிலங்கள் தேவையில்லை. கொதிநீரும் சோடாத்தூளும் முரட்டுப் பிரஷும் போதும். பாரிஸின் லா சப்பலில் எங்கள் கடைகள் இருக்கும் தெருவை எங்களுடைய இளைஞர் மன்றம் இப்படித்தான் சுத்தமாக்கியது. இன்று அந்தத் தெருவால் போகிறவர்கள் காலடியைப் பார்க்காமல் நடக்கிறார்கள். அந்த மன்றத்தைத் தொடங்கியவன் நான்.

சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இங்கே பிறந்த பிள்ளைகள். காவி நிற ரீசேட்டோடு காலையிலேயே வந்துவிடுவார்கள். முதலில் கறைகளை எடுத்தோம். பிறகு குப்பையை. அதற்குப் பிறகு மனிதர்களைப் பார்த்தோம். கடை வாசலில் பியர்ப் பேணியோடு நின்றவர்களைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பினோம். காதலனோடு கைகோத்துத் திரிந்த பெண்பிள்ளைகளின் தாய்மாரிடம் போய்ப் பேசினோம். ஒருவரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நகரசபையிலிருந்துகூட வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

உதயன் என் கூடப்பிறந்த தம்பி. வன்னியில் அம்மாவையும் அக்காவையும் பதுங்குகுழியிலேயே மண்போட்டு மூடிவிட்டு வெளியே வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இங்கே அவன் ஓர் உணவகக் குசினியில் வேலைக்கு நின்றான். மனைவி கௌரி பிரிந்து போனபின் குடித்தான். வேலை போயிற்று. பிறகு குடியையும் விட்டான். குடித்ததைப் பேசிய சனம் விட்டதைப் பேசவில்லை. பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் என் அறையில் இன்னொருவர் படுக்க இடம் இருந்தது. ஆனால் மற்ற வீடுகளுக்குப் படம் அனுப்புகிறவன் அவனைக் கூட வைத்திருக்க முடியாது. இது யாருக்கும் விளங்கும். அவன் என் தம்பி என்று மன்றத்தில் நான் சொல்லவில்லை.

சீலைக் கடைக்குப் பக்கத்து நடையில் ஒரு பழைய மெத்தையில் படுப்பான். பிள்ளையார் தேர் அந்த வழியால்தான் வரும். தேருக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அவன் முகம் கழுவப் போன நேரத்தில் நடையைத் துப்புரவாக்கினோம். மெத்தையை மன்றத்துப் பொடியன் ஐங்கரன் தூக்கினான். பையை நான் எடுத்தேன். திறந்தும் பார்த்தேன். இரண்டு சுவெட்டர், மருத்துவக் கார்ட், சீனி வியாதிக்குப் போடும் இன்சுலின் ஊசிகள். சிப்பை இழுத்து மூடிக் குப்பை வண்டிக்குள் போட்டேன்.

மாலையில் வந்தான்.

“அண்ணை, தெருவைக் கூட்டுறியள், சரி. அதோடை சேத்து என்னையும் அள்ளிப்போட்டியளே?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாருமே என்னை அண்ணை என்பதால், அவன் கூப்பிட்டதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அவனும் சிரித்தான்.

“பையை மட்டும் தாங்கோ. ஊசி அதுக்கைதான் கிடக்கு.”

“தேர் முடியட்டும், பாப்பம்.”

அவன் திரும்பக் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே, நான் ஒருதரம் சொன்னால் அவனுக்குப் போதும்.

ஞாயிறு காலை நடையில் சுருண்டு கிடந்தான். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. வெளியே மஞ்சள்நீர் தெளித்து, உடைப்பதற்குத் தேங்காய்களைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மன்றத்துப் பிள்ளை சிவாஜினி தாதிப் படிப்புப் படிக்கிறவள். குனிந்து பார்த்தாள்.

“அண்ணை, இவர் வெறியிலை இல்லை. சாராயம் மணக்கேல்லை. பழம் மாதிரி ஒரு மணம் வருது. சீனி ஏறினாத்தான் இப்பிடி. பொம்பியேயைக் கூப்பிடட்டே?”

அவசரத்துக்கு வரும் மீட்புப் படையைத்தான் பொம்பியே என்போம். வந்தால் தெருவை மறிப்பார்கள். தேர் நடுவழியில் நிற்கும். அவனுடைய பெயரைக் கேட்பார்கள், சொந்தக்காரர் யார் என்பார்கள்.

“வெறிதான் பிள்ளை. எனக்கு ஆளைத் தெரியும். உள்முற்றத்திலை நிழலுக்கை கிடத்துங்கோ. ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம்.”

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அவன் கண்கள் திறந்திருந்தன. என்னைத்தான் பார்த்தான். முற்றத்து இரும்புக் கதவை நான் சாத்தினேன்.

இரத்த உறவு ஒன்று போனால் எங்களுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, தேர்வடத்தைத் தொடக் கூடாது. ஆனால் சாவுச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வருடம்தான் வடத்தின் முன்வரிசையை எனக்குத் தந்திருந்தார்கள். ஆகவே கதவைத் திறந்து பார்க்க நான் போகவில்லை.

தேர் பாதிவழி வந்திருக்கும். சிவாஜினி சனத்தை விலத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணை, அந்த ஆள்...”

“இப்ப ஒண்டும் சொல்லாதை பிள்ளை.”

“ஒருக்காக் கேளுங்கோவன்!”

“தேர் இருப்புக்கு வரட்டும்.”

அவள் அழுதபடி பக்கத்திலேயே நடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வடத்தை இழுத்தேன். தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, இருப்புக்கு வந்து தீபம் காட்டியபின், வடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

“இப்பச் சொல்லு.”

“செத்துப்போனார். நீங்கள் வேண்டாமெண்டும் மனம் கேக்காமல் நான்தான் போய்ப் பாத்துப் பொம்பியேயைக் கூப்பிட்டனான். பின்தெருவாலைதான் வந்தவை, தேரை மறிக்கவேயில்லை. சுணங்கிப்போச்சாம், அண்ணை. ஆரெண்டு கேக்கினம். உங்களுக்குத் தெரியும் எண்டியளே. ஆர் அவர்?”

“என்ரை தம்பி.”

அவள் ஓரடி பின்வாங்கினாள். துடக்கு என்பதால் விலகுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது என் அறையில் நான் பழம் வாங்குவதில்லை. இருந்தும் விடியும் நேரங்களில் அந்த மணம் வருகிறது. எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஊசி இருப்பது தெரிந்துதான் பையை எறிந்தேன். வெறி இல்லை என்று தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். என் தம்பியைக் கொன்றவன் நான்தான். யார் கேட்டாலும் மறுக்க மாட்டேன். அதன்பின் கிரியைகள் எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தேன். கேட்ட நேரத்திலிருந்து துடக்குக் காத்தேன், கோயில் பக்கம் போகவில்லை. துடக்கோடு வடத்தைத் தொட்டவன் என்று மட்டும் என்னை ஒருவரும் சொல்ல முடியாது.