மூடாத இரண்டு சோலார் பலகைகள்

வண்டு சுற்றுகிறது. வன்னியில் வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம். அந்த இரைச்சல் கேட்டால் பின்னால் செல் வரும், பீரங்கிக் குண்டு. எனக்குத் தெரியும். கூரையில் நிற்கும் அன்ரனுக்குத் தெரியாது. அவன் சுவிஸில், துன் நகரில் பிறந்த பிள்ளை. போர் என்றால் அவனுக்கு அம்மா சொன்ன கதை.

“தம்பி, பலகையை மூடு! மினுங்குது!”

கிழக்குக் கொங்கோ. குன்றின் அடியில் சின்ன ஆஸ்பத்திரி. சுவிஸிலிருந்து சோலார் பலகை பூட்டப் போன மின்வேலைக்காரர்கள் நாங்கள். நான் அங்கே ஆரா நகரில் இருந்து. குன்றில் தோண்டுவது வெள்ளீயத் தாது. சோலார் பலகைக்குள் கம்பிகளை ஒட்டுவதும் வெள்ளீயம்தான். அந்தக் குன்று யாருக்கு என்றுதான் சண்டை. பாதை மூடிக் கிடந்தது. டீசல் இல்லை. பற்றரி வந்து சேரவில்லை. வெயில் உள்ளவரைதான் மின்சாரம்.

முதல் செல் ஆற்றோரம் விழுந்தது. ஊ என்றொரு கூவல். பிறகு நிலம் அதிர்ந்தது. அன்ரன் தார்ப்பாயை இழுத்து மூடுகிறான். உள்ளிருந்து தாதி பெயாட்ரிஸ் ஓடி வருகிறாள். ஒட்சிசன் மெசின் நின்றுவிட்டதாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை நீலமாகிறதாம். மூடினால் குழந்தை போய்விடும். மூடாவிட்டால் எல்லோரும் போவோம். அன்ரன் கூரையிலிருந்து கத்தினான்.

“அக்கா, மெசினுக்கு ரெண்டு பலகை காணும். அதை மட்டும் மூடாமல் விடுறன். நீங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

போனேன். குழந்தையின் தாயைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் கிடத்தினோம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு பலகைகள் மட்டும் மினுங்கின. மற்றவற்றின் தார்ப்பாயைக் காற்று தூக்கியது. அன்ரன் அதன் மூலையைப் பிடித்தபடி கூரையிலேயே குப்புறப் படுத்திருந்தான். பாவி, செல்லடிக்குள் யாராவது கூரையில் படுப்பார்களா?

அடுத்த செல் கூரையில் விழுந்தது. மினுக்கம் காட்டிக்கொடுத்ததா, குருட்டுச் செல்லா, இன்றுவரை தெரியாது.

இப்போது ஆராவில் கூரை ஏறுகிறேன். அதே வேலை. பலகையில் வெயில் பட்டால் கண் தார்ப்பாயைத் தேடுகிறது. சுத்தமான மின்சாரம் என்று வீட்டுக்காரர்கள் மகிழ்கிறார்கள். நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். வாயைத் திறந்தால் கோபம்தான் வரும்.

இங்கே செய்தியில் ஒருவர் பலி என்று சொன்னார்கள். சுவிஸ் பிரஜை ஒருவர். அது பொய்க் கணக்கு. நான் சொல்கிறேன். அன்ரன். மெசினை விட்டு வர மறுத்த பெயாட்ரிஸ். அவள் கையில் இருந்த, இன்னும் பெயர் வைக்காத பெண் குழந்தை. மூன்று பேர். தாய் உயிரோடு இருக்கிறாள். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.