சந்தனப் பொட்டு வைத்த கக்கூஸ்

கக்கூஸைக் கழற்றியது நான்தான், இன்ஸ்பெக்டர் மாத்தயா. இதற்காக நீங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு லயம் வரைக்கும் ஏறி வந்திருக்க வேண்டாம். ஆள் அனுப்பியிருந்தால் நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருப்பேன். உட்காருங்கள், தேத்தண்ணி வரும். வினாகிரியின் புளித்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது மருந்து.

உங்களுக்குத் தமிழ் தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று. போட் கக்கூஸைப் பற்றிச் சிங்களத்தில் விளக்க எனக்கு வராது.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பைப் வேலை பார்த்தவன். எங்கள் யூனியன் தலைவர் முத்துலிங்கம், செத்துப்போனவர், தேர்தலுக்குத் தேர்தல், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் இந்த லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருவதாகச் சொல்வார். ஒரு வருசம் குழிக்குப் போடும் கொங்கிரீட் வளையங்களே வந்துவிட்டன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

பிறகு தலைவர் நீர்கொழும்பிலிருந்து கடலில் ஓடிய ஒரு பழைய போட்டை லொறியில் கொண்டுவந்து, தோட்டத்துக்குக் கீழே கொத்மலை டேமில் விட்டார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்களாம். காற்றுக்கு போட் நகர்ந்துகொண்டே இருந்தது. நங்கூரத்துக்குப் பாரம் வேண்டுமே. வளையங்கள் தண்ணீருக்குள் போயின. லயத்துக் கக்கூஸ் இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

போட்டுக்குள் ஒரு கக்கூஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். தரையில் இருக்கும் கக்கூஸ் மாதிரி இல்லை, மாத்தயா. தொரைமார் வீட்டுப் பூனை மாதிரி. கையால் பம்ப் அடித்தால் டேம் தண்ணீர் உள்ளே வரும், நம்முடையது டாங்கிக்குப் போகும். போகிற வழியில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர். அதில் உப்புக் கட்டிவிட்டால் போனது திரும்பி வரும். வினாகிரியில் ஊறப்போட வேண்டும். பம்புக்குத் தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் தாளிக்க எண்ணெய் இல்லாத நாளிலும் அதற்கு இருந்தது.

ஒருமுறை அந்த ரப்பரில் தலைவரின் பல்செட்டு மாட்டிக்கொண்டது. எடுத்துக் கொடுத்தேன். "கழுவினீங்களா பெருசு" என்று கேட்டார். கழுவினேன் என்று சொன்னேன். அன்று மாலை அதை மாட்டிக்கொண்டு சுகாதாரத்தைப் பற்றி நல்லதொரு பேச்சுப் பேசினார்.

முக்கியமான விசயம் வேறு. அந்தக் கக்கூஸ் டேமின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் தண்ணீர் வரும் குழாயை உயரே கொண்டுபோய் வளைத்திருப்பார்கள். வளைவின் உச்சியில் கடுகளவு ஓட்டை. அது மூச்சு விடும் வரைக்கும், பம்ப் நின்றால் தண்ணீரும் நிற்கும். அடைத்துவிட்டால் நிற்காது. டேம் தானாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். அடியில் ஒரு வால்வு உண்டு, போய் முடித்ததும் மூட வேண்டும். தலைவர் மூட மாட்டார். அவர் பின்னாலேயே போய் நான் மூடுவேன்.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரி மீனம்மா குடையோடு தேயிலைக்குள் ஒதுங்கப் போய், தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். "சாவுறதுக்குள்ள ஒரு நாளாச்சும் கதவச் சாத்திட்டு உக்காரணுங்க" என்றாள். பெரிய ஆசை இல்லை. தலைவரிடம் போனேன். இடுப்பு கூடும் வரைக்கும் போட்டில் போகட்டுமே என்றேன்.

"பெருசு, ஒங்க வீட்டம்மா ஒரு தடவ போனா நாளைக்கு லயமே வந்து நிக்கும். நம்ம ஆளுகளுக்கு அதோட அரும தெரியாது" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. நான் கோபப்படவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பெக்டரியில் சக்கரங்களைக் காக்கிற ரோதை முனிக்குப் படையல் போட்டு எல்லா மெசினுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். போட்டுக்கும் வைக்கச் சொன்னார். "ஒண்ணு விடாம வைங்க பெருசு." நான் ஒன்று விடவில்லை. அந்த ஓட்டைக்கும் வைத்தேன். வெறும் சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் சிமெந்து கலந்திருந்தேன்.

மத்தியானம் தலைவர் கிடாக் கறியும் சாராயமும் முடித்து, கக்கூஸுக்கும் போய்விட்டு, போட்டிலேயே படுத்தார். பயல்கள் வந்து எழுப்பாமல் வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னார். போட்டேன். வால்வை மட்டும் மூடவில்லை. பொட்டு வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, மாத்தயா. நான் வழக்கத்தை மீறுகிறவன் இல்லை.

கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எருமை படுப்பது மாதிரி மெதுவாகத்தான் போனது. நடுவில் தட்டுகிற சத்தம் கேட்டது. கோயிலில் தப்பு அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

ஆட்கள் ஓடிவந்ததும் முதலில் குதித்தது நான்தான். தலைவரைக் காப்பாற்றப் போன கிழவன் என்று பேப்பரில்கூடப் போட்டார்கள். நான் யாரும் பார்ப்பதற்குள் தாழ்ப்பாளைத் திறக்கத்தான் போனேன்.

இப்போது முனி அடித்துவிட்டது என்று தோட்டமே முனிக்குப் பொங்கல் வைக்கிறது. செய்த வேலைக்கு வேறு ஆளுக்குப் பெயர் போவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கென்று எதுவும் செய்யவில்லை. எல்லாம் லயத்துச் சனத்துக்காக.

வறட்சியில் டேம் வற்றி போட் சேற்றில் கிடந்தபோது கக்கூஸைக் கழற்றி வந்து, லயத்துக்குப் பின்னால் ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்துப் பொருத்தியிருக்கிறேன். நல்ல தகரக் கதவு. பூட்டும் போட்டிருக்கிறேன். சாவி இதோ, என் இடுப்பில். எல்லாருக்கும் கொடுத்துவிட முடியாது பாருங்கள். நம்ம ஆளுகளுக்கு அதன் அருமை தெரியாது.

நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் மீனம்மாவும் வந்து கேட்டாள். ரப்பர் வினாகிரியில் ஊறுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றித் தேயிலைக்குள் போனாள். தேத்தண்ணி அதனால்தான் தாமதம்.