பக்கத்து சீட்டு பிரேக்

– கிளட்ச்... கிளட்ச்ச மிதிங்கக்கா... ஐயோ! போச்சு. மறுபடியும் ஆஃப்.

– ஆஃப் ஆயிடுச்சா மாஸ்டர்?

– பின்னே? நட்ட நடு சிக்னல்ல நிக்கிறோம். பின்னாடி ஹாரன் அடிக்கிறது காதுல விழலியா?

– அடிக்கட்டுமே. முன்னாடியும் பின்னாடியும் இவ்ளோ பெருசா ‘டிரைவிங் ஸ்கூல்’னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதவங்களா அவங்க?

– இதான்... இதான்க்கா உங்ககிட்ட. படபடப்பு. சாவியத் திருப்புங்க. நியூட்ரலா? ம்... ஃபர்ஸ்ட் கியர். மெதுவா விடுங்க... மெதுவா...

– போகுதே!

– போகுது போகுது. லெஃப்ட்ல ஒதுங்கியே போங்க. இப்படித்தான், கொஞ்ச தூரம் நல்லா ஓட்டுவீங்க. அப்புறம் கை கால் உதற ஆரம்பிச்சுடும்.

– எனக்கா? எங்க உதறுது? இந்தக் கையப் பாருங்க.

– ஸ்டியரிங்க விடாதீங்கக்கா! ரெண்டு கையும்! ரெண்டு கையும்!

– சரி சரி, கத்தாதீங்க. டெஸ்ட்டு எப்ப மாஸ்டர்?

– அடுத்த மாசம் பாக்கலாம்.

– போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.

– போன மாசம் நீங்க இதைவிட மோசம்.

– நல்லா இருக்கே கதை! திங்கக்கிழமை லைசென்ஸோட போய் நின்னாத்தான் அந்த வேன் வேலை எனக்கு. இல்லேன்னா வேற ஆளு. லாண்டரிக்காரர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் எத்தனை தடவ சொல்லிட்டேன்?

– தெரியும்க்கா. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஓட்டல், ஆஸ்பத்திரின்னு பெட்ஷீட் மூட்டைய ஏத்தி இறக்கி... இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு? உள்ள உக்காந்து இஸ்திரி போடற வேலைதான் இருக்கே.

– எதுக்கா? கேட்டுட்டீங்கல்ல, சொல்றேன். ரைட்டா, நேரா?

– நேரா, நேரா.

– முப்பத்திரெண்டு வருஷம். என் வீட்டுக்காரரு ஒரு நாள் கார் சாவிய என் கையில குடுத்ததில்ல. கேட்டா, ‘உனக்குக் கண்ணு போதாது, கை நடுங்கும், ரோட்டப் பாத்தாலே மயக்கம் வரும்’. சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே சொல்வாரு. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். கூறுகெட்டவ!

– விடுங்கக்கா, பழசு...

– என்ன பழசு? போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பொட்டியத் தூக்கி அதே கார்ல வச்சுக்கிட்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போயிட்டாரு. போகும்போது என்ன சொன்னாரு தெரியுமா? ‘நீ தனியா எப்படித்தான் இருக்கப் போறியோ, பாவம்.’ பாவமாம்! விட்டுட்டுப் போறவரு பாவம் பாக்குறாரு!

– ஸ்பீடு... ஸ்பீடக் குறைங்க...

– முப்பதுலதான் போறேன். அவரு போன மறுவாரமே கண் டாக்டர்கிட்ட போனேன். பாத்துட்டு, ‘உங்களுக்கு எதுக்கும்மா கண்ணாடி? பளிங்கு மாதிரி இருக்கு கண்ணு’ன்னாரு. அந்த நாற்காலியிலேயே உக்காந்து ஓன்னு அழுதேன் மாஸ்டர். துக்கத்துல இல்ல. ஆத்திரத்துல.

– ...ம்.

– வாசல்ல அவர் பேர் போட்ட பலகைய எடுக்காதேன்னாங்க எல்லாரும். யாராவது கேட்டா, வெளியூர்ல வேலைன்னு சொல்லிக்கோன்னாங்க. நான் எடுத்துட்டேன். கேக்கறவங்ககிட்ட, ‘அவர் போயிட்டாரு, நான் லாண்டரில வேலை பாக்கறேன்’னு பட்டுனு சொல்றேன். அதுக்கு மேல ஒருத்தருக்கும் வாய் வரல.

– தைரியம்தான்க்கா உங்களுக்கு... ஸ்பீடு பிரேக்கர்! பாத்து, பாத்து... ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சு. பாத்தீங்களா?

– பாத்தேன் மாஸ்டர்.

– செகண்டுக்கு மாத்துங்கன்னு எத்தனை தடவ...

– செகண்டுலதான் இருந்துச்சு. என் கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சு. பிரேக் பெடல் மட்டும் தன்னால கீழ இறங்குச்சு. பேயா இறக்குச்சு?

– அது... பழைய வண்டிக்கா. கேபிள் கொஞ்சம்...

– சொல்லிக் குடுக்கறவருக்குன்னு உங்க காலடியில ஒரு பிரேக் இருக்கே. அதுமேல உங்க செருப்புக்கு என்ன வேலை?

– பாதுகாப்புக்குத்தானேக்கா! நீங்க எங்கயாவது கொண்டுபோய் மோதிட்டா...

– காலை எடுங்க.

– அக்கா...

– எடுங்கன்னேன்! ரெண்டு காலையும் மடக்கி சீட்டு மேல வச்சுக்குங்க. சம்மணம் போட்டு உக்காருங்க. ம். இப்ப பாருங்க. சாவி... கியர்... போகுதா?

– ...போகுது.

– அடுத்த சிக்னல். நிறுத்தறேன். பச்சை விழுந்துச்சு, கிளப்பறேன். ஆஃப் ஆச்சா?

– இல்ல.

– இதோ பஸ்ஸு வருது. ஒதுங்கி வழி விட்டேன். கை உதறுச்சா?

– இல்லக்கா.

– அப்ப மூணு மாசமா படபடப்பு படபடப்புன்னு என் காதுல ஓதினது யாரு? வீட்டுல கட்டில் ஓரமா உக்காந்து, தரைய கிளட்ச்சா நெனச்சு மிதிச்சு மிதிச்சுப் பழகினேனே! அவரு சொன்னது நெஜம்தானோன்னு நானே நம்ப ஆரம்பிச்சேனே! வெக்கமா இல்ல உங்களுக்கு?

– இருக்குக்கா.

– யார் சொல்லிச் செஞ்சீங்க? அவர்தானே? போன் பண்ணாரா, நேர்லயே வந்தாரா? விட்டுட்டுப் போனப்புறமும் அந்த மனுஷனுக்கு என் மேல என்ன அதிகாரம்? நான் கத்துக்கிட்டா அவருக்கு எங்க வலிக்குது?

– அக்கா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. சொல்றேன்.

– ஓட்டிக்கிட்டே கேப்பேன். எனக்குத்தான் ஓட்ட வருதே.

– சார் இல்லக்கா.

– அப்புறம்?

– ...உங்க பையன்.

– என் பையனா?

– அக்கா... ரோட்டப் பாருங்க... அக்கா!

– பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க.

– என் வீட்டுக்காரிக்கு வயித்துல ஆபரேஷன். நாலு மாசம் கழிச்சுத்தான் தேதின்னு சொல்லிட்டாங்க. அவ வலியில சுருண்டு சுருண்டு படுத்துக் கிடந்தா. அந்த ஆஸ்பத்திரில உங்க பையன்தானே நிர்வாகம்... முன்னாடி தேதியா போட்டுக் குடுத்தாரு. குடுத்துட்டு, ‘எங்கம்மாவ டெஸ்ட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க மாஸ்டர். அவங்களா வெறுத்துப்போய் விட்டுடணும்’னாரு.

– ஏனாம்?

– உங்க லாண்டரி வேன் அங்கதானே வருது. ‘பின் கேட்ல எங்கம்மா அழுக்குத் துணி மூட்டையோட வந்து நின்னா என் மானம் என்ன ஆகும்’னு...

– நேத்துகூட வந்தானே. ‘கிளாஸ் எப்படிம்மா போகுது’ன்னு கேட்டான். ‘எனக்கு வரலடா’ன்னேன். ‘பரவால்லம்மா, பேத்திய பாத்துக்கிட்டு நிம்மதியா வீட்டுல இரு’ன்னு என் தலையத் தடவிக் குடுத்தான். தடவிக் குடுத்தான் மாஸ்டர்! அப்பன்கூட அதைச் செஞ்சதில்ல.

– மன்னிச்சுடுங்கக்கா.

– உங்க வீட்டுக்காரி இப்ப எப்படி இருக்கா?

– நல்லா இருக்கா. எழுந்து நடமாடறா.

– நல்லா இருக்கட்டும். நான் போய் அவளைப் பாத்துட்டு வரேன். ஆனா உங்களை மன்னிக்கல, சொல்லிட்டேன்.

– வேண்டாம்க்கா, மன்னிக்க வேண்டாம். நாளைக்கே டெஸ்ட்டுக்கு உங்க பேரப் போடறேன். உங்க பையன் என்ன சொன்னாலும் சரி. கூடவே வந்து நிக்கறேன். திங்கக்கிழமை லைசென்ஸ் உங்க கையில இருக்கும்.

– அது என் கைக்கு வந்து பதினோரு நாளாச்சு மாஸ்டர். உங்க வாயால உண்மை வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல, பிள்ளைகிட்டகூட. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா ஸ்கூல் நடத்தறாங்க, உங்களுக்குத் தெரியாம அங்கயும் சேந்தேன். அவங்க வண்டி ஒரு தடவகூட ஆஃப் ஆகல. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இன்னிக்கு வந்தது, உங்க வாயால என் வீட்டுக்காரர் பேரக் கேட்டுட்டு, நேரா அவர் வாசலுக்குப் போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கத்தான். அவரா இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்... சரி. திங்கக்கிழமை என் முதல் நடையே அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். துணி வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போட வேண்டியவன் என் பிள்ளை. பின் கேட்டுக்கு இறங்கி வந்து, என் முகத்தப் பாத்துப் போடட்டும்.