எட்டாவது சத்தம்

ஓடுகிறோம். கையில் சாப்பாட்டுத் தட்டு. தட்டில் பாதிச் சோறு. குழாயடியிலிருந்து வகுப்பறைக்கு.

"வெடியோ வெடி! எட்டு குழி! எட்டு குழி!"

குன்றின் மேலிருந்து ஆள் கத்துகிறான். தமிழில் ஒரு முறை. கன்னடத்தில் ஒரு முறை. தெலுங்கில் ஒரு முறை. எந்த பாஷையில் கேட்டாலும் கால் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பத்மாவதி டீச்சர் வாசலில் நின்று எங்களை உள்ளே இழுத்துப் போடுகிறார்.

"தட்டு தலைக்கு! எல்லாரும் தட்டு தலைக்கு!"

மிச்சச் சோற்றை வாசலில் கொட்டுகிறோம். தட்டைத் தலையில் கவிழ்க்கிறோம். சாம்பார் காதோரம் வழிகிறது. சுவரோரமாகக் குந்துகிறோம். என் பக்கத்தில் நாகவேணி. அவள் தலையில் தட்டு இல்லை. கழுவிக் குழாய்த் திட்டில் வைத்திருந்தாள். எடுக்க நேரமில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

தும். முதல் சத்தம்.

"ஒண்ணு," என்கிறான் முனிராஜ்.

"ஒண்ணு," என்கிறோம் நாங்கள்.

இது பாகலூர் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி. அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. என் பேர் ஷமீம். அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். தும் தும்மென்று இடிக்கிற பிரஸ் மெஷின் பக்கம் போகச் சொன்னால் மட்டும் எனக்கு உடம்பு முடியாமல் போய்விடும். சூப்பர்வைசர் சோம்பேறிப் பொம்பளை என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல்குன்று. இந்தப் பக்கச் சரிவில் ஒரு குவாரி. அந்தப் பக்கச் சரிவு கர்நாடகா. அங்கேயும் ஒரு குவாரி. குன்று ஒன்றுதான். இரண்டு பக்கமிருந்தும் தின்றார்கள். எங்கள் பக்கம் மதியத்தில் வெடிக்கும். அவர்கள் பக்கம் சாயங்காலம், நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு வெடிக்கும். போர் நடக்கும் ஊர்களில் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் இப்படித்தான் ஐந்து வருஷம் படித்தோம்.

பாறையில் குழி போடுவார்கள். குழிக்குள் மருந்து. மருந்துக்குத் திரி. ஒவ்வொரு திரியும் ஒவ்வொரு நீளம். அதனால் எல்லாம் ஒன்றாக வெடிக்காது. ஒன்று வெடித்து, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. எத்தனை குழி என்று கத்திவிட்டுத்தான் பற்ற வைப்பார்கள். அத்தனை சத்தமும் வந்த பிறகுதான் வெளியே தலை காட்டலாம். முடிந்ததும் விசில் ஊத வேண்டும். பல நாள் ஊத மாட்டார்கள். ஊதினாலும் காற்று எதிர்த்தால் கேட்காது. விசிலுக்காகக் காத்திருந்தால் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. டீச்சர் எண்ணிக்கையை நம்பினார்.

எண்ணுகிற வேலை முனிராஜுக்கு. அவன் அப்பா அந்தக் குவாரியில் குழி போடுகிறவர். குன்றில் எதிரொலி அதிகம். ஒரு வெடிக்கு இரண்டு சத்தம் கேட்கும். புதிதாக வந்தவர்கள் குழம்பிப் போவார்கள். முனிராஜ் குழம்ப மாட்டான். எதிரொலி காதோடு நின்றுவிடும், நிஜ வெடி உள்ளங்காலில் ஏறும் என்பான். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றே எண்ணுவான். மற்றவர்கள் குந்தியிருப்போம். அவன் மட்டும் நிற்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கித்தாப்பு உண்டு.

தும். "ரெண்டு."

கூரை ஓட்டிலிருந்து மண் கொட்டுகிறது. சுவரில் மாட்டிய தமிழ்நாட்டுப் படம் ஆணியோடு ஆடுகிறது.

தும். தும். நாலு. ஐந்து வர நேரமாகிறது. யாரோ இருமுகிறார்கள். டீச்சர் வாயில் விரலை வைக்கிறார். தும். ஐந்து. உடனே ஆறு. கொஞ்சம் கழித்து ஏழு.

பிறகு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. வெளியே காக்காய்கள் கொட்டிய சோற்றுக்கு வந்துவிட்டன. காக்காய்களுக்கு எண்ணத் தெரியாது என்று நாகவேணி என் காதில் சொன்னாள். நான் சிரித்தேன். டீச்சர் முறைத்தார்.

தும்.

முனிராஜ் கண்ணை மூடியிருந்தான். திறந்தான். "எட்டு."

"எட்டு!" என்று கத்தினோம். தட்டுகள் இறங்கின. நாகவேணி எழுந்துவிட்டாள். "என் தட்டு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஓடினாள்.

அந்தத் தட்டு அவளுக்கு உயிர். அவள் அம்மா சந்தையில் வாங்கி, விளிம்பில் அவள் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்ட வைத்துக் கொடுத்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். திட்டில் இருந்த தட்டை எடுக்கிறாள். உதறுகிறாள். திரும்புகிறாள்.

தும்ம்ம்.

ஒன்பது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் ஓடவில்லை. ஓட நேரமில்லை. தட்டைத் தலையில் கவிழ்த்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே கவிழ்த்தாள். கல் தட்டின் மேல்தான் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத என்னால் முடியாது.

பாகலூர் ஆஸ்பத்திரிக்கு டிராக்டரில் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது அவள் இல்லை.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். குவாரிக்காரர்கள் ஒரே பேச்சாகப் பேசினார்கள். அதுவரை எங்களுக்கு ஏழுதான் வெடித்திருந்தது, எட்டாவது திரி மழையில் நமுத்துத் தாமதமாகத்தான் பிடித்தது, நாங்கள் மறைவைவிட்டு வரவே இல்லை, விசிலும் ஊதவில்லை. சரிதானே? நாங்களா பிள்ளையை வெளியே விட்டோம்? உங்கள் பையன் எதிரொலியைச் சேர்த்து எண்ணிவிட்டான்.

வெடி வைத்தவன் தப்பித்தான். எண்ணியவன் மாட்டிக்கொண்டான்.

முனிராஜ் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான். "கால்ல வந்துச்சு. சத்தியமா கால்ல வந்துச்சு." டீச்சரிடம் சொன்னான். போலீஸ்காரரிடம் சொன்னான். நாகவேணி வீட்டு வாசலில் நின்று சொன்னான். அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அவன் அப்பாவே கடைசியில் அவனை அடித்தார். "உனக்குத்தான் எண்ணத் தெரியலயேடா!" அடித்துவிட்டு அவரும் அழுதார். அந்த மாசமே வீட்டைக் காலி செய்து அஞ்செட்டிப் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போது அந்தக் குவாரி இல்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே குடோன் வரப்போகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை எல்லாரும் கூடுவோம் என்று சரஸ்வதி வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தாள். அவளும் எங்கள் வகுப்பு. கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

முனிராஜை நான்தான் கூப்பிட்டேன். அவனும் ஓசூரில்தான் வேலை பார்க்கிறான். பேக்கிங் செக்‌ஷன். டப்பாக்களை மெஷினே எண்ணிவிடும், அதற்காகவே அந்த வேலையில் சேர்ந்ததாக ஒருமுறை சொன்னான். வீட்டில் இட்லித் தட்டு எத்தனை வைக்க என்று மனைவி கேட்டால்கூட எழுந்து போய்விடுவானாம்.

"நான் வரல ஷமீம். அவங்கம்மா வந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்?"

"அவங்க போய்ச் சேந்துட்டாங்கடா. போன வருஷம்."

"கடசி வரைக்கும் என்னெ நம்பல இல்ல?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கடைசி ஆளாக வந்தான். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான்.

நாங்கள் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. முட்டை போடும் நாளில் யார் இரண்டு தரம் வரிசையில் நின்றது. தமிழ்நாட்டுப் படம் விழுந்து யார் தலை வீங்கியது. சாம்பார்த் தலையோடு வீட்டுக்குப் போய் யார் அடி வாங்கியது. பேச்சு நாகவேணியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் சரஸ்வதிதான் வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமையை. முந்தின நாள் மழையை. தட்டை.

அவள் கணவர் நஞ்சப்பா ஒரு மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்து ஊர்க்காரர். போனைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ளையா?" என்றார். "தட்டு புள்ளையா?"

எல்லாரும் திரும்பினோம்.

"அன்னைக்கு அந்தப் பக்கம் நம்ம குவாரியில ஒண்ணு வெச்சாங்க. சாயங்காலம் வெக்கிறதுதான். லோடு நிக்குதுன்னு ஒரு பெரிய குண்டுக்கல்ல மட்டும் மதியமே ஒடச்சாங்க. ஒரே குழி. இந்தப் பக்கம் வெடிக்கிற நேரத்துலயே, சொல்லாம கொள்ளாம. பத்த வெச்சது நம்மப்பாதான்."

"ஒரே குழியா?" என்றேன்.

"ஆமாக்கா. அன்னைக்கே இந்தப் பக்கம் புள்ள ஒண்ணு செத்துப்போச்சுன்னு சேதி. நம்ம கல்லுதான் பறந்து வந்து விழுந்துச்சோன்னு நம்மப்பா பயந்து நடுங்கிட்டாரு. அம்மா ஊருக்கு ஓடி ஒளிஞ்சாரு. அப்புறம் இந்தப் பக்கத்துக் கல்லுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் யாரும் அதப் பேசல. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டோம்."

எங்கள் பக்கம் ஏழு. அவர்கள் பக்கம் ஒன்று. எட்டு.

முனிராஜ் எட்டுதான் எண்ணினான். எட்டும் நிஜ வெடி. அந்தக் குன்று எந்த மாநிலத்து வெடி என்று சொல்லி அனுப்பவில்லை. மழையில் நமுத்த திரி எங்கள் பக்கம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதை அவன் கால் எப்படி அறியும்?

வாசற்படியைப் பார்த்தேன். அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் கோணிப் போயிருந்தது. முப்பது தாண்டிய ஆம்பிளை, ஐந்தாம் வகுப்புப் பையன் குரலில் கேட்டான்.

"கால்ல வந்துச்சுன்னு சொன்னேன்ல?"

அழுதோம். நஞ்சப்பா எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை. கன்னடத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்புறம் குழாயடிப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

இதை எழுதிவைக்கிறேன். கட்டடம் போய்விடும். கேட்க ஆள் இருக்காது. போனது இவ்வளவு: ஒரு குன்று, இப்போது பள்ளம். ஒரு பள்ளிக்கூடம். ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த பேச்சு. முனிராஜின் அப்பா அஞ்செட்டியிலேயே செத்துப்போனார், உண்மை தெரியாமல். நாகவேணியின் அம்மா, அவரும் தெரியாமல். நடுவில் குழி விழுந்த ஒரு எவர்சில்வர் தட்டு. கடைசிவரை அந்த அம்மா அதில்தான் சாப்பிட்டார். அவரோடு அதையும் புதைத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது போட்டோ எடுக்கலாம் என்றாள் சரஸ்வதி. எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டாள். நான் முனிராஜைப் பார்த்தேன்.

"நீ எண்ணுடா," என்றேன்.

தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. நாங்கள் சுவரோரம் போய்க் குந்தினோம், பழைய இடத்தில், பழைய வரிசையில். என் பக்கத்தில் ஒரு ஆள் இடத்தை விட்டேன். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தான். கண்ணை மூடித் திறந்தான். விரல் நீட்டி, ஒவ்வொருவராக, உரக்க எண்ணினான். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டான்.

"பதினொண்ணு," என்றான். "ஒண்ணு கொறயுது."

தப்பாக எண்ணிவிட்டான் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.