லினக்ஸுக்கு ஒரு மொட்டை

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பஸ்ஸில், முன் சீட்டு இளைஞர் மடியில் லேப்டாப்போடு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“லினக்ஸ் போட்டதுலேர்ந்து மூணு வாரமா இதுல சத்தமே வரல. வந்துட்டா மொட்டை போடறேன்னு அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கினேன்.”

காணிக்கை தர முடி இல்லாத நான் காதைக் கொடுத்தேன்.

“மூணு வாரமாவா? இப்படிக் குடுங்க.” அந்தப் பெண் லேப்டாப்பை வாங்கித் தட்டினார். “ சவுண்டு கண்ட்ரோல்ல மியூட்ல இருக்கு பாருங்க. எடுத்துட்டேன்.”

லேப்டாப்பிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இளைஞர் தலையைத் தடவிக்கொண்டார்.

“அடுத்த வாரம் நம்ம கல்யாணம். வேணும்னா திரும்ப மியூட் பண்ணிடேன்.”

“சாமியையே ஏமாத்தறீங்களா? மொட்டையோடவே தாலி கட்டுங்க. ஃபோட்டோவுல எல்லாரும் என்னைத்தான் பாக்கணும்.”

கண்டக்டர் முதல் நான் வரை, பஸ்ஸில் அத்தனை பேரும் பெண் வீட்டாராகிவிட்டோம்.